சொந்தக் காற்று

ஜனவரி 8, புதன்

இந்த டைரி மீரான் பாய் கொடுத்தது. அன்பளிப்பு என்று நினைக்க வேண்டாம், தண்டனை. சங்கு குளிக்கிற எங்களுக்கெல்லாம் காற்று அடைத்த சிலிண்டர் வாடகைக்கு விடுகிறவர் அவர். தாடி வெள்ளை, மனசு ஹெட்மாஸ்டர். இன்று காலையில் என்னை நிறுத்திவைத்து, "தஸ்நேவிசு, இனிமே கடல்ல எறங்குன நேரம், ஏறுன நேரம், எத்தன பாகம் ஆழம், எல்லாத்தையும் இதுல எழுதிட்டு வாரும். எழுதுனாத்தான் அடுத்த சிலிண்டர்" என்றார்.

"பாய், நான் படிச்சது அஞ்சாங் கிளாசு. அதுலயும் பாதி நாளு கடக்கரையில."

"மிச்சப் பாதியில எழுத்து படிச்சிருப்பீருல்லா? அது போதும்வே."

ஐம்பத்தொரு வயதில் வீட்டுப்பாடம். சரி. இறங்கியது 8.40. ஏறியது 9.20. பத்து பாகம், அதாவது அறுபது அடி. பிறகு பாய் சட்டப்படி இரண்டு மணி நேரம் வள்ளத்தில் சும்மா உட்கார்ந்து காக்கா எண்ணினேன். கடலில் காக்கா கிடையாது, அதனால் சீக்கிரம் எண்ணி முடித்துவிட்டேன். இரண்டாவது சிலிண்டர் 11.20 முதல் 11.55. சங்கு முப்பத்தொன்று. எழுத்துப் பிழை இருந்தால் பாய் பிரம்பால் அடிக்கட்டும்.

ஜனவரி 9, வியாழன்

இறங்கியது 8.30. ஏறியது 9.10. இரண்டாவது தரமும் அதே மாதிரி.

கயிற்றைப் பற்றி எழுத மறந்துவிட்டேன். தண்ணீருக்குள் போகிறவன் இடுப்பில் ஒரு கயிறு இருக்கும். மேலே வள்ளத்தில் அதன் மறுமுனையைப் பிடிப்பவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவனாக இருக்க வேண்டும். எங்கள் அப்பா காலத்துக்கு முன்னாலிருந்தே அப்படித்தான். சொந்த அக்கா தாலி அறுபட எவன் சம்மதிப்பான் என்கிற கணக்கு. அண்ணன் தம்பியை நம்பாத சாதி நாங்கள், மச்சினனை நம்புவோம்.

எனக்கு வாய்த்தவன் அம்புரோஸ், மெற்றில்டாவின் தம்பி. ஒரு நாளைக்கு அளந்து பத்து வார்த்தை பேசுவான். அதில் நாலு 'அத்தான்'. மேலிருந்து அவன் ஒரு தரம் இழுத்தால் 'ஏறி வா'. கீழிருந்து நான் இரண்டு தரம் இழுத்தால் 'இரு, வாரேன்'. இருபத்திரண்டு வருஷமாக எங்களுக்குள் நடந்த பேச்சு மொத்தமும் இவ்வளவுதான். சண்டை வந்ததே இல்லை.

ஜனவரி 12, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை. கடலுக்கு லீவு. வெற்றுப் பக்கத்தைப் பார்த்தால் பாய் கோபிப்பார் என்பதற்காக இந்த வரி.

ஜனவரி 16, வியாழன்

நல்ல தெளிந்த தண்ணீர். கீழே சங்கு கண்ணில் படுகிறது, எடுக்கப் போனால் சிலிண்டரில் காற்று தீர்ந்து, பள்ளிக்கூட மணி அடித்த மாதிரி ஏற வேண்டியிருக்கிறது. கரைக்கு வந்து மூன்றாவது சிலிண்டர் கேட்டேன்.

"ரெண்டுக்கு மேல கெடையாது."

"கூட வாடகை தாரேன் பாய்."

"வாடகைக்குக் காத்து தருவேன். காலு தர முடியாதுவே. போயி வீட்ல படும்."

சுற்றி நின்ற எட்டுப் பேரும் சிரித்தார்கள். ஊரில் மற்றவனைச் சிரிக்க வைக்கிற வேலை என்னுடையது. அதையும் பாய் எடுத்துக்கொண்டார்.

ஜனவரி 20, திங்கள்

நாலு நாள் யோசித்தேன். வாடகைச் சிலிண்டர் என்றால் விடிந்ததும் பாய் முகத்தில் முழிக்க வேண்டும், டைரியைக் காட்ட வேண்டும், திருப்பிக் கொடுக்கும்போது எங்கேயாவது நசுங்கியிருக்கிறதா என்று அவர் தட்டித் தட்டிப் பார்க்கிறவரை கைகட்டி நிற்க வேண்டும். பெண்ணைக் கட்டிக் கொடுத்த மாமனார்கூட இவ்வளவு பார்க்க மாட்டார். சொந்தக் கம்ப்ரசர் என்றால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம்.

வாங்கிவிட்டேன். மூடிப்போன பெயிண்ட் பட்டறை ஒன்றில் கிடந்தது. பச்சை நிறம், உருண்டை வயிறு, இரண்டு சக்கரம். வள்ளத்து டீசல் என்ஜினோடு பெல்ட் போட்டு இணைத்தால் வெளிக்காற்றை இழுத்து வயிற்றில் அடைக்கும். அங்கிருந்து நீளமான ஓஸ் வழியாக என் வாய்க்கு வரும். என்ஜின் ஓடுகிறவரை காற்று உண்டு. நாற்பது நிமிஷத்தில் 'எந்திரிச்சுப் போ' என்று சொல்லாது.

வாசலில் இறக்கியபோது மெற்றில்டா சுற்றி வந்து பார்த்தாள்.

"இது என்னதுங்க, சென ஆடு மாதிரி?"

"சொந்தக் காத்துட்டி."

"ஆண்டவர் சும்மா குடுத்தத வெலைக்கு வாங்கிட்டு வந்த மொத ஆளு நீங்கதான். அம்புரோசு, நீ என்னடா சொல்லுத?"

அம்புரோஸ் கம்ப்ரசரை முன்னால் பார்த்தான், பின்னால் பார்த்தான். "சத்தம் போடுமா அத்தான்?" என்றான். மூன்று வார்த்தை. மிச்சம் ஏழையும் இன்றைக்கு அவன் செலவழிக்கவே இல்லை.

ஜனவரி 23, வியாழன்

இனி இந்த டைரியை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. ஆனாலும் கை பழகிவிட்டது. பாய் பார்க்காத வீட்டுப்பாடம் எழுதுவதில் ஒரு சுகம் இருக்கிறது.

இறங்கியது 8.30. ஏறியது 10.10. சங்கு அறுபத்தாறு. காற்றில் லேசாக டீசல் வாசம். பத்து பாகத்துக்கு அடியில் பஸ் ஸ்டாண்டில் நிற்பது போல இருந்தது.

டீக்கடையில் மீரான் பாயைப் பார்த்து, "பாய், காத்து வேணும்னா வீட்டுக்கு வாங்க, ஓசியிலயே தாரேன்" என்றேன். இந்தத் தடவை எட்டுப் பேரும் என் பக்கம் சிரித்தார்கள். பாய் மட்டும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "தீருத காத்துதாம்வே நல்லது" என்றார். சிலிண்டர் வியாபாரி வேறு என்ன சொல்வார்?

பிப்ரவரி 3, திங்கள்

இறங்கியது 8.20. ஏறியது 10.45. சங்கு எண்பத்திரண்டு. சாயங்காலம் இடது தோளில் ஒரு குடைச்சல். பெருமை அதிகமாகி தோள் விம்மியிருக்கும்.

பிப்ரவரி 7, வெள்ளி

இறங்கியது 8.15. ஏறியது 10.50. கரைக்கு வந்தபின் வயிற்றிலும் தொடையிலும் ஒரே அரிப்பு, தோல் திட்டுத்திட்டாகச் சிவந்துவிட்டது. மெற்றில்டாவின் நண்டுக் குழம்புதான் காரணம் என்று சொன்னேன்.

"நேத்து வச்சது பருப்புங்க" என்றாள்.

முந்தா நாள் நண்டு, இன்றைக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. நண்டு பக்கவாட்டில்தானே நடக்கும், நேரமாகும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

கடலுக்குப் போகவில்லை. பூசைக்குப் போனேன். தோள் வலி குறைந்துவிட்டது. போன ஞாயிறும் இப்படித்தான். ஜெபத்தின் மகிமை. மெற்றில்டாவிடம் சொன்னதற்கு, "அப்ப தெனமும் கோயிலுக்கே போங்க, கடலுக்குப் போவண்டாம்" என்றாள். இவளுக்கு பக்தியை எதில் கலப்பது என்று தெரியவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

இறங்கியது 8.15. ஏறியது 11க்கு மேல். அம்புரோஸ் இரண்டு தரம் கயிற்றை இழுத்தான். 'இரு' என்று சொல்லிவிட்டேன். காற்றுதான் தீராதே, எதற்கு அவசரம்?

முழங்கால்.

பிப்ரவரி 20, வியாழன்

கயிறும் ஓஸும் கீழே ஒன்றோடொன்று சுற்றிக்கொள்கின்றன. புருஷன் பெண்டாட்டி மாதிரி, பிரிக்கவும் முடியாது, சேர்ந்து நடக்கவும் முடியாது. "லேய் அம்புரோசு, ஓஸ் இருக்கும்போது கயிறு எதுக்குடா? கழட்டிருவோமா?" என்று கேட்டேன். அவன் முடிச்சை இன்னும் கொஞ்சம் இறுக்கினான்.

இறங்கியது 8.10. ஏறிய நேரம் பார்க்கவில்லை.

பிப்ரவரி 26, புதன்

டீக்கடைக்கு நடந்து போகையில் மீரான் பாய் எதிரே வந்தார். "காலு எப்படி இருக்குவே?"

"ரெண்டு இருக்கு பாய். வேணும்னா எண்ணிப் பாரும்."

"நொண்டுதீரு."

"ஸ்டைலு பாய். சொந்தக் கம்ப்ரசர்காரன் எல்லாம் இப்படித்தான் நடப்பான்."

அவர் சிரிக்கவில்லை. மனுஷருக்கு நகைச்சுவையே கிடையாது.

ராத்திரி மெற்றில்டா தைலம் தேய்த்தாள். எந்தக் கால் என்று கேட்டாள். இடது கால் என்றேன். பிறகு வலது கால் என்றேன். "ரெண்டையும் சேத்துச் சொல்ல வேண்டியதுதான" என்றாள். பேச்சில் மிச்சப்படுத்தப் பார்த்தேன் என்றேன்.

மார்ச் 4, செவ்வாய்

நாளை சாம்பல் புதன். தவக்காலம், நாற்பது நாளுக்கு வீட்டில் மீன் கிடையாது. அதனால் நேற்றே ஒரு பாறை மீனுக்கு அஞ்சலி செலுத்தி முடித்தோம்.

வள்ளத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். கம்ப்ரசர் பெல்ட்டில் நூல் பிரிந்திருக்கிறது என்று அம்புரோஸ் காட்டினான். திரும்பி வந்து பார்த்துக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். ஒன்றரை மாசமாக உழைக்கிற பெல்ட், இன்னும் ஒரு நாள் உழைக்கும்.

இறங்குவது 8.15. பதினோரு பாகம்.

மார்ச் 9, ஞாயிறு

ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். கோழி கிளறிய மாதிரி இருந்தால் அது கையெழுத்து.

ஊர் பெயர் வேண்டாம், நாலு மணி நேரம் ஆம்புலன்சில் வந்த தூரம். இடுப்புக்குக் கீழே என் கால்கள் இருக்கின்றன, மெற்றில்டா தொட்டுக் காட்டினாள். எனக்கு மட்டும் அது தெரியவில்லை. ரத்தத்துக்குள் காற்று குமிழ் குமிழாக நின்றுவிட்டதாம், ஆழத்திலிருந்து சட்டென்று ஏறினால் அப்படி ஆகுமாம். சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி என்று டாக்டர் சொன்னார். ஐம்பத்தொரு வயதில் சோடாவாகிவிட்டேன்.

வைத்தியம் என்ன தெரியுமா? ஆள் உயரத்துக்கு மேல் ஒரு பெரிய இரும்பு உருளை. அதற்குள் என்னைப் படுக்க வைத்துக் கதவை மூடி, வெளியே ஒரு கம்ப்ரசரை ஓட்டி உள்ளே காற்றை அழுத்துகிறார்கள். தினமும் சில மணி நேரம். அதாவது சிலிண்டரே வேண்டாம் என்று சொன்ன மனுஷனை ஒரு சிலிண்டருக்குள்ளேயே குடிவைத்துவிட்டார்கள். இதுவும் வாடகைதான். மீரான் பாய்க்குத் தெரிந்தால் ஊரெல்லாம் மிட்டாய் கொடுப்பார்.

அன்றைக்கு நடந்தது: பெல்ட் அறுந்தது. அம்புரோஸ் தூக்கினான். மேலே வந்து அவனிடம் ஒரு ஜோக்கும் சொன்னேன், அரை மணி கழித்து எழுந்திருக்கப் பார்த்தேன், கால் வரவில்லை. அவ்வளவுதான்.

மார்ச் 12, புதன்

அம்புரோஸ் பஸ் பிடித்து வந்திருந்தான். வார்டு வாசலோடு சரி, மெற்றில்டா உள்ளே விடவில்லை. அவள் குரல் எனக்குக் கேட்டது.

"கயித்தப் புடிடான்னு ஒன்ன நம்பி அனுப்புனா, நங்கூரத்தத் தூக்குத மாதிரி தூக்கியிருக்க. மெதுவாத் தூக்கணும்னு இருவத்திரண்டு வருசமாத் தெரியாதா ஒனக்கு? பேசேன்டா! வாய்க்குள்ள என்ன வச்சிருக்க?"

செருப்புச் சத்தம் மட்டும் தூரமாகப் போனது.

மெற்றில்டா உள்ளே வந்து போர்வையைச் சரிசெய்தாள். "எங்கூடப் பொறந்தது அவன் ஒருத்தன்தான். இனி அதுவும் இல்ல" என்றாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. உருளைக்குள் இருந்து வந்தால் தொண்டை வறண்டுவிடுகிறது.

மார்ச் 15, சனி

மீரான் பாய் திராட்சையோடு வந்தார். மிட்டாய் கொடுக்கவில்லை, நான் நினைத்தது தப்பு. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரொம்ப நேரம் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "வீட்டுப்பாடம் எங்கவே?" என்றார்.

"தொலஞ்சி போச்சு பாய்."

தலையணைக்கு அடியில் இருந்தது.

"அம்புரோசு வள்ளத்த வித்துரச் சொல்லிட்டான். இனி கயித்தத் தொட மாட்டானாம். உப்பளத்துக்குக் கூலிக்குப் போறான். அவசரமாத் தூக்கி அத்தானக் கெடுத்துட்டேம்னு எங்கிட்ட அழுதான். ஊர்லயும் அப்படித்தான் பேசுதாவ." பாய் என் முகத்தைப் பார்த்தார். "அப்படித்தானா?"

திராட்சை புளிப்பாக இருந்தது என்று சொன்னேன்.

மார்ச் 17, திங்கள்

இந்தப் பக்கத்தில் கிண்டல் வேண்டாம் என்று பார்க்கிறேன். மெற்றில்டா எட்டாங் கிளாஸ் படித்தவள். இதை வாசிப்பாள்.

8.15க்கு இறங்கினேன். கீழே சங்கு விதைத்த மாதிரி கிடந்தது. ஒன்பதரை மணி போல அம்புரோஸ் ஒரு தரம் இழுத்தான். ஏறி வா. நான் இரண்டு இழுத்தேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி இழுத்தான். மறுபடியும் 'இரு' என்றேன். மூன்றாவது தரம் அவன் இழுத்தபோது எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. வாடகைச் சிலிண்டரை விட்டு வந்தாலும் ஒருத்தன் மணி அடித்துக்கொண்டே இருக்கிறானே என்று. கயிற்றை இடுப்பிலிருந்து அவிழ்த்தேன். பக்கத்திலிருந்த பாறையில் கட்டிவிட்டு நகர்ந்து போனேன்.

பதினோரு மணிக்கு மேல் கம்ப்ரசர் பெல்ட் அறுந்திருக்கிறது. அப்போதும் கம்ப்ரசர் வயிற்றில் நாலு நிமிஷத்துக்குக் காற்று மிச்சம் இருந்தது. கயிறு என் இடுப்பில் இருந்திருந்தால் முதல் இழுப்பிலேயே தெரிந்து மெதுவாக ஏறியிருப்பேன். அவன் இழுத்தது பாறையை. நாலு நிமிஷம் ஒரு பாறையிடம் ஏறி வா, ஏறி வா என்று கெஞ்சியிருக்கிறான். அது அசையவில்லை என்றதும் ஓஸைப் பிடித்து இழுத்தான். ஓஸ் என் இடுப்பு பெல்ட்டில் ஒரு சுற்று சுற்றியிருந்தது. அதற்குள் எனக்குக் காற்று நின்றுவிட்டது. அவன் வேகமாகத் தூக்காமல் இருந்திருந்தால் இந்தப் பக்கம் வெற்றுப் பக்கம்.

பிறகு கயிற்றை அறுத்து விட்டுத்தான் வள்ளத்தைக் கரைக்கு எடுத்திருக்கிறான். கயிறு எங்கே கட்டியிருந்தது என்று அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஒருத்தன் வாயைத் திறக்காதவன், இன்னொருத்தன் வாயை மூடாதவன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு பேரும் ஒரே மாதிரி இருந்தோம். அவன் என் மானத்துக்காக. நானும் என் மானத்துக்காக.

மெற்றில்டா டீ வாங்கப் போயிருக்கிறாள். வந்ததும் கொடுத்துவிடுவேன்.

மார்ச் 18, செவ்வாய்

நேற்று வாசித்தாள். முதலிலிருந்து, ஒரு பக்கம் விடாமல். நண்டு வந்த இடத்தில் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். 'முழங்கால்' என்று ஒற்றை வார்த்தை எழுதிய பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தாள். கடைசிப் பக்கம் முடிந்ததும் டைரியாலேயே என் தலையில் ஓங்கி அடித்தாள். இரண்டாவது அடிக்கு ஓங்கியவள் அதை முகத்தில் வைத்து அழுதாள்.

"அவன வாசலோட வெரட்டுனேனே. ஒங்களுக்குக் கேக்குத தூரத்துலதான படுத்துக் கெடந்தீய?"

"ஆமா."

"தொண்ட வறண்டு போச்சாக்கும்."

நான் எழுதிய ஜோக்கை எனக்கே திருப்பிச் சொன்னால் எப்படி இருக்கும் என்று முதல் தடவையாகத் தெரிந்துகொண்டேன்.

டைரியை டாக்டரிடமும் கொடுத்திருக்கிறாள். அவர் பக்கம் பக்கமாகப் பார்த்துவிட்டு, தூக்கிய வேகம் மட்டும் காரணம் இல்லை, மணிக்கணக்காகக் கீழே கிடந்ததும்தான், ஒரு மாசமாகவே உடம்பு சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வலி குறைந்ததே, அதைக்கூட யோசிக்கவில்லையா என்று கேட்டார். யோசித்தேன் டாக்டர், புண்ணியத்தை மாதாவுக்குக் கொடுத்துவிட்டேன்.

இன்று விடிகாலை பஸ்ஸில் மெற்றில்டா ஊருக்குப் போயிருக்கிறாள். வீட்டுக்கு இல்லை. உப்பளத்துக்கு.

வலது கட்டைவிரலை ஆட்ட முடிகிறது. யாரும் பார்க்காததால் பன்னிரண்டு தரம் ஆட்டினேன்.

ஏப்ரல் 21, திங்கள்

நேற்று பாஸ்கா, ஈஸ்டர் பண்டிகை. வீட்டுக்கு வந்து ஒன்பது நாளாகிறது. வலது கால் பரவாயில்லை. இடது கால் பின்னாலேயே வருகிறது, கடைசிப் பெஞ்சுக்காரன் மாதிரி. கடலுக்குள் இனி இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைக் கேட்டுவிட்டு நான் ஏதோ வேடிக்கையாகச் சொன்னேன். என்னவென்று நினைவில்லை, யாரும் சிரிக்கவும் இல்லை.

கம்ப்ரசர் இப்போது பைபாஸில் ஒரு பஞ்சர் கடையில் இருக்கிறது. லாரி டயருக்கு ஊதுகிறதாம். டயருக்கு மூட்டு வலி வராது, பொருத்தமான சம்பந்தம்.

மீரான் பாய் காலையில் வந்து, "கடையில வந்து உக்காரும். எல்லாப் பயலுவ டைரியையும் நீரு பாரும். எறங்குன நேரம், ஏறுன நேரம் சரியா எழுதாதவனுக்குச் சிலிண்டர் இல்லன்னு சொல்லும். ஒமக்குத்தான் வாயிருக்குல்லா" என்றார். யோசிக்கிறேன் என்றிருக்கிறேன். அஞ்சாங் கிளாசுக்காரன் ஹெட்மாஸ்டர் ஆவதென்றால் நாலு பேர் கெஞ்ச வேண்டாமா?

சாயங்காலம் அம்புரோஸ் வந்தான். அக்காவும் தம்பியும் சமாதானமாகி ஒரு மாசமாகிறது. ஆனால் அவன் என் முன்னால் வந்து நிற்பது இன்றுதான். கையில் கயிறு. புதுக்கயிறு. என் இடுப்பில் கட்டினான். ஒன்று, இரண்டு, மூன்று முடிச்சு.

"லேய், நான் ஒங்க அக்காவுக்குப் போட்டதவிட இறுக்கமா இருக்குடா."

"அவுக்காதீய அத்தான்" என்றான்.

மறுமுனையைப் பிடித்துக்கொண்டு முற்றத்துக் கடைசியில் முருங்கை மரத்தடிக்குப் போய் நின்றான். மெற்றில்டா அடுக்களை வாசலில் வந்து நின்றாள். நான் கட்டிலைப் பிடித்து எழுந்தேன். பதினைந்து எட்டு இருக்கும். பதினோரு பாகத்தை விடத் தூரமாகத் தெரிந்தது.

பாதி வழியில் இடது கால் நின்றுவிட்டது. பழக்கதோஷத்தில் கயிற்றை இரண்டு தரம் இழுத்தேன். இரு. அவன் இருந்தான். வேர்வை கண்ணுக்குள் போனது, துடைத்தேன். வேர்வை என்றுதான் இதில் எழுதப்போகிறேன்.

கயிறு ஒரே ஒரு தரம் இழுபட்டது.

போனேன்.

இறங்கியது 5.10. ஏறியது 5.35. மீரான் பாய் பார்க்கலாம்.